மஞ்சளை ஏற்றிய படம்

தம்பிக்கு,

குடும்பப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அனுப்பியதற்கு, "ஸ்டுடியோவுல சேர்ந்ததும் அக்காவுக்குக் கலை முத்திப்போச்சு" என்று கிண்டலடித்திருந்தாய். கலையாவது, கத்தரிக்காயாவது!

கலர் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். நான் மஞ்சளை மட்டும் கடைசிவரை ஏற்றினேன். அப்பாவின் கண் வெள்ளையாகிவிட்டது. "அவன் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதேம்மா" என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி இல்லே?" என்று மீசையை வேறு நீவிக்கொண்டார்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அன்று அம்மா கட்டியிருந்ததும் மஞ்சள் புடவைதான்.

நேற்று பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காதபடி, "எனக்கு ஏண்டி இப்பவே வெள்ளையைக் கட்டிவிட்டே?" என்றாள்.

கலர் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முதலில் அப்பாவின் கண்ணைப் பார்.

பரீட்சையை அடுத்த வருஷமும் எழுதலாம்.

அக்கா