கத்தல் ஓய்ந்த வயல்

ஃப்ரீஸ்லாந்து
ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரித்துக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பொறுத்தவரை இங்கே அப்பா, சின்னவள் சில்கெ, நான் மூவருக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த நியூசிலாந்து மாட்டுப்பண்ணைக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த காலுறையை உடனே மாற்றிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் கடிதம் வந்து நாலு வாரம் ஆகப்போகிறது. அம்மா ஏன் பதில் போடவில்லை, போனில் வந்தாலும் ஏன் உடனே தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள் என்று அப்பாவிடம் கேட்டாயாம், அவளுக்கு வேலை அதிகம் என்று அவர் சொல்லி வைத்தாராம். வேலை ஒன்றும் கிடையாது மாரித். நடந்ததை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் நடுவில் நீ எதுவும் கேட்க முடியாது அல்லவா, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ படம் எடுத்து அனுப்பிய சதுப்புப் பறவை தாழைக்கோழி வகை, நம் வாய்க்காலில் திரியும் நாமக்கோழிக்குச் சொந்தம். அலகும் நெற்றியும் நல்ல சிவப்பு, மார்பு நீலம், நடக்கும்போது வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கி அடியில் இருக்கிற வெள்ளையைக் காட்டுகிறதா என்று பார், காட்டினால் சந்தேகமே வேண்டாம். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. படத்தைத் திறப்பேன், மூடிவிடுவேன். ஒரு பறவையைப் பார்த்துப் பேர் சொல்ல இனி எனக்கு என்ன தகுதி என்று இருந்தது.

மே பதினைந்து, புதன்கிழமை. காலை எட்டரைக்குப் பக்கத்துப் பண்ணை வீப்ரென் மாமா போன் பண்ணினார், சாயங்காலம் இடிமழை வருகிறதாம், அறுப்பு எந்திரக்காரன் பத்து மணிக்கு வந்துவிடுவான், நீள வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்றார். உனக்குத் தெரியாததா, புல் எவ்வளவு முற்றினாலும் பறவைக் காவல் குழுவிலிருந்து ஒருவர் வந்து நின்று பார்த்து, போகலாம் என்று சொல்லாமல் அந்த மனுஷர் வயலில் எந்திரத்தை இறக்க மாட்டார், அவர் வாசல் கதவில் பறவை காக்கும் பண்ணை என்று குழு மாட்டிவிட்ட பலகைக்கு அத்தனை மரியாதை. அவர் வயலுக்கு ஆறு வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லுகிறவள் நான். அந்த வயலில் நாங்கள் அடையாளக் குச்சி நட்டு வைத்த கூடு ஒன்றே ஒன்று, அதுவும் ஆள்காட்டிக் கூடு, பொரித்துக் காலியாகிவிட்டது. கதவருகே போய் நின்றேன். ஆள்காட்டிகள் என் தலைக்கு மேல் விழுந்து விழுந்து கத்தின, அவற்றின் குஞ்சுகள் கட்டைப் புல்லிலும் சேற்று ஓரத்திலும் ஓடித் திரிகிறவை, உயரப் புல்லுக்குள் இருக்காது, அந்தப் பயம் எனக்கு இல்லை. வயலின் மறுகோடியில் எட்டுக் கருவால் மூக்கன்கள். நீண்ட அலகு, செங்கல் நிறக் கழுத்து, பறக்கும்போது வாலில் கறுப்புப் பட்டை, பேரில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு வேலிக் கம்பத்தில் நின்றன, மற்றவை மேலே சுற்றிக்கொண்டிருந்தன. எட்டும் ஒன்றாக இருக்கின்றனவே, கூட்டமாக இருந்தால் குஞ்சை இழந்தவை, தெற்கே கிளம்பக் கூடுகின்றன என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காற்று என் முதுகுப் பக்கத்திலிருந்து அடித்ததால் அவை கத்தியது என் காதுக்கு வரவில்லை. கால் மணி நேரம் நிற்க வேண்டும், வாய்க்கால் ஓரமாக மறுகோடிவரை நடக்க வேண்டும், அதுதான் முறை. நான் நின்றது ஐந்து நிமிஷம். ஒன்பது மணிக்கு நீ கூப்பிடுவாய், அதை விட்டால் அடுத்த புதன்தான். போகலாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். மாரித், இதைப் படித்துவிட்டு உன் தலையில் ஒரு துரும்பளவு பழியைக்கூட ஏற்றிக்கொள்ளாதே. பத்து நிமிஷம் பொறு என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் நீ பொறுத்திருப்பாய், அனுப்பாதவள் நான். ஏம்மா மூச்சு வாங்குது என்று நீ கேட்டாய், எதிர்க்காற்று என்றேன்.

மத்தியானம் சில்கெயைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற வழியில் பார்த்தேன். அறுத்த வயல் முழுக்கச் செங்கால் நாரைகள், பதினேழு. அவற்றுக்குப் பின்னால் கடற்காகங்கள், காக்கைகள். ஒன்றும் அவசரமில்லாமல் நடந்து நடந்து எதையோ பொறுக்கி விழுங்கின. சில்கெ கை தட்டிக்கொண்டு, "அம்மா, எவ்ளோ நாரை பாரேன், எல்லாத்துக்கும் சாப்பாடு!" என்றாள். மேலே அந்த எட்டும் கத்திக்கொண்டே சுற்றின, நாரைகளின் முதுகை உரசுகிற மாதிரி இறங்கி இறங்கி ஏறின. குஞ்சில்லாத பறவை அப்படிக் கத்தாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயலைச் செவ்வாய்க்கிழமையே அறுத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. இருந்த புல் போனதும் நாலு ஜோடியும் குஞ்சுகளை நடத்திக் கூட்டிக்கொண்டு, வாய்க்காலை நீந்த வைத்து, உயரப் புல் இருக்கிற நீள வயலுக்குள் ராத்திரியோடு ராத்திரியாக வந்திருக்கின்றன. இதை நான்தானே மார்ச் மாதம் ஊர் மன்றத்தில் படம் போட்டுப் பாடம் நடத்தினேன்! நீர்நிலைப் பறவைகளை அடையாளம் காண்பது எப்படி என்று முப்பது பேரை உட்கார வைத்து, பக்கத்து வயலில் நேற்று என்ன நடந்தது என்று கேட்காமல் எந்த வயலுக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்ன வாய் இது. சில்கெயைச் சைக்கிளோடு நிறுத்திவிட்டு வயலில் இறங்கினேன். புல் வரிசைக்கு அடியில் ஒரு கால் கிடந்தது. கால் மட்டும். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமன், விரல்கள் விரிந்தபடி. அதைப் பையில் போடவும் தோன்றவில்லை, கீழே போடவும் தோன்றவில்லை, எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, சில்கெ அழுத பிறகுதான் திரும்பினேன். ஒரு குஞ்சாவது உயிரோடு இருக்கிறவரை பெற்றவை கத்தும் என்பது உனக்குத் தெரியும். புதன் முழுக்கக் கத்தல், வியாழனும் கத்தல். வெள்ளிக்கிழமை காலை சமையலறை ஜன்னலைத் திறந்தேன், நீள வயல் பக்கமிருந்து ஒரு சத்தம் இல்லை. காப்பிக் கோப்பையைக் கழுவாமலே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இதுவே பெரிய அடி, ஆனால் அடுத்தது வந்தது. யாரோ நாரைகளோடு அந்த வயலைப் படமெடுத்து ஊர்க்காரர்களின் போன் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே எழுதியதையெல்லாம் உனக்கு எழுத மாட்டேன், கொலைகாரன் என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. ரொட்டிக் கடையில் வீப்ரென் மாமாவின் மனைவி லீஸ்பெத் மாமி காலை வணக்கம் சொன்னதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். எனக்கு என்ன அதிர்ச்சி என்றால், நான்கு நாள் ஆகியும் அந்த மனுஷர் என் பேரைச் சொல்லவில்லை. ஹிஸ்கெ பார்த்துவிட்டுச் சொன்னாள், அதனால் அறுத்தேன் என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்தது. மாட்டுக் கொட்டகைக்கே போனேன், பால் கறக்கிற எந்திரச் சத்தத்தில் கத்திக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொல்லி? நாளைக்கு உன்னை எவன் தன் வயலுக்குக் கூப்பிடுவான்? என்னைத் திட்டட்டும், திட்டினா பால் ஒண்ணும் திரிஞ்சிடாது" என்றார். நான் அழுதேன். "அழுறதா இருந்தா வெளிய போய் அழு, மாடு மிரளும்" என்றார். உன் அப்பாவிடம் சொன்னபோது அவரும், "அவனே சும்மா இருக்கான், நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற? ஒரு மாசத்துல மறந்துடுவாங்க" என்றார். ஒரு நாள் முழுக்க எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை ஊர் மன்றத்தில் குழுக் கூட்டம். குழுத் தலைவி ஆக்கெ டீச்சர் எழுந்து, வீப்ரென் வாசலில் இருக்கிற பலகையைக் கழற்றிவிடலாம் என்று இருக்கிறோம், மறுப்பு உண்டா என்று கேட்டார். வீப்ரென் மாமா பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்துவிட்டேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கேட்டார், நான் போகலாம் என்றேன், ஐந்து நிமிஷம்தான் நின்றேன், வாய்க்கால் ஓரம் நடக்கவில்லை, எட்டும் குஞ்சிழந்தவை என்று நினைத்தேன், நாலு ஜோடி, குஞ்சு எத்தனை என்று தெரியாது, என்றேன். பின்னால் வீப்ரென் மாமா, "பொம்பளைக்கு வாய் சும்மா இருக்காதே" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. கிழவர் ஊபெலெ, அவரைத்தான் உனக்குத் தெரியுமே, காது பாதி கேட்காது, அவர் உரக்க, "பாடம் நடத்துனவளுக்கே இந்தக் கதின்னா நாங்கல்லாம் வாத்துக்கும் பூனைக்கும் வித்தியாசம் பார்க்கவே லாயக்கில்லை போல!" என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது. பலகை இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இந்த வருஷம் நான் தனியாக யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, ஊபெலெ கூட வர வேண்டும் என்பதும் முடிவாயிற்று. படம் போட்டவர்கள் ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லீஸ்பெத் மாமி என்னிடம் இன்னும் பேசவில்லை, அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். வீப்ரென் மாமா. "பின்வயல்ல ஒரு ஜோடி கத்திக்கிட்டே சுத்துது. எந்திரக்காரன் இன்னைக்குத்தான் வரேங்கிறான். வந்து பாரு" என்றார். எனக்கு அதிகாரம் கிடையாது, நேற்றுக் கேட்டீர்களே, ஊபெலெயைக் கூப்பிடுங்கள் என்றேன். "ஊபெலெ பார்க்கட்டும், வேணாங்கல. கேக்கறதுக்கு ஆள் வேணுமில்ல?" என்றார். போனேன். ஊபெலெ மடக்கு நாற்காலியோடு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை காற்று என் முகத்தில் அடிக்கிற பக்கம் போய் நின்றேன், வாய்க்கால் ஓரம் கடைசிவரை நடந்தேன், திரும்பி நடந்தேன். ஒன்றரை மணி நேரம். அந்த ஜோடி நான் போகிற இடமெல்லாம் தலைக்கு மேல் வந்து கத்தியது, அடர்ந்த புல் இருந்த ஒரு மூலையில் மட்டும் கத்தல் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. குஞ்சை என் கண் பார்க்கவில்லை, ஒன்றா இரண்டா தெரியாது. கதவுக்குத் திரும்பி வந்தேன். எந்திரக்காரன் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். வீப்ரென் மாமா என்னை, என்னைத்தான், பார்த்து, போகலாமா என்றார். பொறுங்கள் என்றேன், எனக்கே கேட்காத குரலில். புல் முற்றி வீணாகிவிடும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எந்திரக்காரனிடம், "அணைச்சிடுப்பா, அவ பொறுன்னுட்டா. வா, காப்பி குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் புல் இன்றைக்கும் நிற்கிறது.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நிம்மதியாக இருக்க வேண்டும் என் கண்ணே, கேட்கிற தெய்வம் எதுவானாலும் உன் பக்கம் ஒரு கண் வைக்கட்டும். கன்றுக்குட்டி உதைத்த முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா, காட்டாவிட்டால் நாளைக்கே காட்டு. புதன்கிழமை ஒன்பதுக்குப் பதில் பத்து மணிக்குக் கூப்பிடு, இனிமேல் எப்போதும் பத்துதான்.

உன் அம்மா
ஹிஸ்கெ