வெந்நீர் ஊற்றிய இறக்கை

கெலமங்கலம்,
மார்கழி மாதம்.

சிரஞ்சீவி முனிவேலுக்கு அப்பன் மாதப்பன் ஆசீர்வாதம். எப்படியப்பா இருக்கிறாய்? காஷ்மீர்க் குளிருக்குக் கம்பளி போதுமா? சோறு கிடைக்கிறதா? நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி சாந்தம்மாதான் எழுதுகிறாள்.

இங்கும் குளிர்தான். செவலைப் பசு இன்றோ நாளையோ கன்று போடும். போன தடவைக் கன்றை வாங்கினவன் மூக்கைச் சிந்திக்கொண்டே விலை பேசினான். அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தைச் சாந்தம்மா இரண்டு தரம் படித்துக் காட்டினாள். விடிகாலையில் நீ ஓட்டுகிற விமானத்தின் இறக்கைமேல் உப்புத் தூவினாற்போல் உறைபனியாம். சுரண்டாமல் ஏறமாட்டேன் என்றாயாம். ஆப்பிள் வியாபாரியான உன் முதலாளி, மதராசி நடுங்குகிறான் என்று கூலிக்காரர்களைக் கூட்டிச் சிரித்தானாம். இறக்கையில் வெந்நீர் ஊற்றச் சொல்லி, வேறொருவனை ஏற்றினானாம். ஊற்றின நீர் கண்ணாடியாய் இறுகி, விமானம் மைதானம் முழுக்க ஓடியும் எழும்பாமல் வேலியில் மூக்கை நட்டதாம். ஓட்டினவனுக்குக் கால் போயிற்று, முதலாளிக்கு வெட்கம் வரவில்லை. தை முதல் தேதி இன்னொரு விமானத்தை நீ எடுக்காவிட்டால் ஊருக்குப் போ என்கிறான். நீயும் ரோஷப்பட்டு, எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய்.

அந்த முதலாளிக்குப் புத்தியில் இங்கே ஒரு கூட்டாளி உண்டு. பஸ் வைத்திருக்கிற தீர்த்தகிரிதான். சந்தையில் நாலு பேர் முன்னால், "என்ன மாதப்பண்ணா, உன் பையன் பனியப் பாத்துக் குந்திக்கினானாமே? கொதிக்கிற தண்ணிய ஊத்தச் சொல்லு. எங்க பஸ்ஸு தெனம் அப்படித்தான் கெளம்புது" என்றான்.

"உன் பஸ்ஸு ரோட்ல நின்னா எறங்கித் தள்ளலாம்டா. மேல நின்னா எவன்டா தள்ளுவான்?" என்றேன். வெற்றிலைக்காரி கெம்பம்மா எச்சிலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அவன் ரேடியேட்டரில் ஊற்றுகிறான். அதற்கு இறக்கையா முளைத்திருக்கிறது? போன மாதம் அந்த பஸ் ஏரிக்கரையில் நின்று, கல்யாண வீட்டாரே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த இரண்டு பேரும் பல்லைக் காட்டுகிறார்கள் என்றா நீ ஏறப்போகிறாய்? நீதானே சொன்னாய், மேகத்துக்குள் இறக்கையில் பனி ஒட்ட ஆரம்பித்தால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று? ஆகாயத்தில் திரும்பத் தெரிந்தவனுக்குத் தரையில் திரும்பத் தெரியாதா? கேழ்வரகு இருக்கிறது, களி தின்றுகொள்ளலாம். அந்த முதலாளியிடம் நேராகப் போய், நீயே ஏறிப் பார் என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு...

கொட்டகையிலிருந்து மாடு பார்க்கிற கரியப்பன் கூப்பிட்டதும் மாமா பாதியில் எழுந்து போய்விட்டார். பசுவுக்கு வலி கண்டுவிட்டது. அவர் வருவதற்குள் தபால் போய்விடும்.

உங்கள் கடிதத்தை மாமா படிக்கச் சொன்னது இரண்டு தரம் அல்ல. தினமும் படிக்கச் சொல்கிறார். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கை முழுக்க உங்கள் கையாலேயே தடவிப் பாருங்கள். எங்காவது சொரசொரவென்று பட்டால், நான் கையைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தம்மா