அக்காவின் காலுக்கு எட்டும் துளை

நாள் 212, 08:10. டைட்டன், தெற்கு முகாம்

எழுதுபவன் பூபாலன், பழுது பார்ப்பவன். விமானத்தின் வாலைத் திருப்பும் சுக்கான் பெடல்களை இன்று பொருத்தினேன். பெட்டித் தகடுகளை வெட்டி நானே கட்டிய விமானம். அழகெல்லாம் கேட்கக் கூடாது.

இங்கே ஆக்சிஜன் இயந்திரம் செத்துவிட்டது. சிலிண்டரில் இருப்பது சில நாளுக்குத்தான். அக்கா அங்கயற்கண்ணி வடக்கு முகாமில் தனியாக இருக்கிறாள். அங்கே இயந்திரம் ஓடுகிறது, மீட்புக் கப்பல் வரும்வரை இருவருக்கும் போதும் என்கிறாள்.

அவள் விமானி. அங்கே போனபின் ஓட்டப் போவது அவள்தான். அதனால் பெடல் தண்டில் இரண்டு துளை போட்டேன்: ஒன்று என் நெட்டைக் காலுக்கு, ஒன்று அவள் குட்டைக் காலுக்கு. ஆணியை மாற்றிக் குத்தினால் போதும்.

நாள் 213, 17:40

பிரேக் இல்லாமலே கிளம்புகிறேன் என்றேன். வானொலியில் அக்காவிடம் வாங்கிய திட்டு:

"இங்க ஓடுபாதை முடியிற எடத்துல பள்ளம்டா. வால வச்சு நிறுத்திருவியா? அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போகாது. ஒழுங்கா பிரேக்க மாட்டிட்டு வா."

நாள் 214, 11:05

பிரேக் குழாயில் காற்றுக் குமிழி. மிதித்தால் பஞ்சாக அமுங்குகிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். நான் ஒற்றை ஆள். பெடலுக்குக் கழியை முட்டுக்கொடுத்துவிட்டு இருக்கைக்கும் சக்கரத்துக்கும் ஓடினேன். "மிதி... திற... மூடு... விடு" என்று அக்கா கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே மூச்சு வாங்கினாள். கேட்டால் சளியாம்.

19:30

"என் காலுக்குப் போட்ட துளைய அடச்சிரு. ஆணி நழுவிரும். ஒன் காலுக்கே வெல்டு வச்சிரு."

"அப்ப நீ எப்பிடிக்கா ஓட்டுவ?"

"தலகாணி வச்சுக்கிறேன்டா."

வெல்டு வைத்தேன். குள்ளச்சி என்று கேலியும் செய்தேன்.

நாள் 215, 06:20

"பிரேக் பிடிக்குதாடா?"

"கல்லு மாதிரி நிக்குதுக்கா."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"அப்பச் சரி. வெளக்கு வைக்கிறேன், அதப் பாத்து நிறுத்து."

அதன்பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் பதில் இல்லை. பயமாக இருக்கிறது. கிளம்புகிறேன்.

13:50. வடக்கு முகாம்

இறங்கிவிட்டேன். மூட்டத்தில் பள்ளம் தெரியவே இல்லை. ஓடுபாதை முடிவில் ஒரு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். பிடித்தது.

விளக்கு அக்காவின் மடியில் இருந்தது. உறைந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுச் சிலிண்டரில் அதுவரை நடந்து வரும் அளவுக்குத்தான் காற்று நிரப்பியிருக்கிறாள்.

உள்ளே, நிரப்பிய சிலிண்டர்கள் எனக்காக வரிசையாக நிற்கின்றன. அத்தனையும் அவள் மூச்சில் மிச்சம் பிடித்தது. இயந்திரத்தில் பாதி பழுது. மீதி தருவது ஒரு ஆளுக்கான காற்று. முதலிலிருந்தே அவ்வளவுதான்.

அக்கா மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

நேரம் பார்க்கவில்லை

அக்காவை விமானி இருக்கையில் உட்கார வைத்திருக்கிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்தும் கால் பெடலுக்கு எட்டவில்லை. வெல்டை அறுத்துக்கொண்டிருக்கிறேன். துளை பாதி திறந்துவிட்டது. கால் இன்னும் எட்டவில்லை.