பிறந்த இடம்: இதே தோட்டம்

புக்கிட் லாடா தோட்டம்,
சிரம்பான் வட்டாரம்,
13 ஆகஸ்ட் 1955

சௌபாக்கியவதி நீலாவதிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன். உனக்கு இது ஆறாம் மாதம். கால் வீங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று உன் அப்பா ஒரு வரி எழுதக் கூடாதா? மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி வரத் தெரிந்தவருக்கு, மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் போடத் தெரியவில்லை. இருக்கட்டும்.

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் போலீஸார் பிரித்துப் படிப்பார்கள். தெமியாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வைரவன் செட்டியார் செவ்வாய்க்கிழமை கப்பல் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

போன வருஷக் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு நம் ஜனங்களுக்கு வாக்காளர் பதிவுப் பாரம் எழுதினேனே, அதிலிருந்து வந்த வினை இது. விதி உனக்குத் தெரியும். தானும் இங்கே பிறந்திருக்க வேண்டும், தாயோ தகப்பனோ ஒருவராவது இங்கே பிறந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் கப்பலில் வந்த எனக்கு அதில் இடமில்லை. நாற்பத்தொரு பேருக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு ஓட்டு இல்லை. உன் அம்மாவும் நீயும் ரந்தாவில் பிறந்தவர்கள், உனக்கு இருந்தது. தேர்தலன்று நீ ஊரில் இல்லை.

பெரிய கங்காணி நல்லசாமியும் அன்று வந்து நின்றார். கோயில் கமிட்டியிலிருந்து என்னை நீக்கிய மனிதர். தொழிலாளி பிள்ளைகளுக்கு அளவுக்கு மேல் படிப்புச் சொல்லித் தருகிறேன் என்று துரையிடம் கோள் சொன்னவர். எங்கே பிறந்தீர் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். நாமக்கல் பக்கம் என்றார். அப்படியானால் நீர் கப்பலில் வந்த சரக்கு, தள்ளி நில்லும் கங்காணியாரே என்றேன். வரிசையே சிரித்தது. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் சன்னாசியின் பெண்சாதி பஞ்சாலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் மட்டும் என்ன, ஆகாயத்திலேருந்து குதிச்சாரா என்று கங்காணி கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம் வந்தது, நீலா. அப்படி ஒரு திருப்தி.

அடுத்து நின்றவன் சன்னாசி. அவன் தகப்பன் இது காப்பித் தோட்டமாக இருந்த காலத்தில் இங்கேயே பிறந்தவர். எங்கே பிறந்தாய் என்றேன். பொறந்தது இந்தியாவுல, அம்மா ஊருலங்க, தலைப்பிரசவம்னு போச்சாம், மூணு மாசப் பிள்ளையா தூக்கிட்டு வந்துச்சாம், அதையெல்லாமா எழுதுவாங்க என்றான். நம்மில் யார் அதை எழுதுகிறார்கள்? முதல் பிள்ளையைப் பெறத் தாய்வீட்டுக்குப் போகாதவள் உண்டா? பிள்ளை தகப்பன் ஊர்க்காரன்தானே. பிறந்த இடம், இதே தோட்டம் என்று எழுதினேன். அவன் பெருவிரல் ரேகை வைத்தான். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். கங்காணி வெற்றிலை மென்றுகொண்டு தூணோரம் நின்றிருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

போன மாதம் இருபத்தேழாம் தேதி தேர்தல். அதற்கு முதல் நாள், ஓட்டுப் போடுகிறவன் கையை வெட்டி மரத்தில் கட்டுவோம் என்று காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் நம் பதினாறாம் நம்பர் ரப்பர்க் காட்டில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். இருந்தும் பெண்கள் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார்கள். முன்னும் பின்னும் துப்பாக்கி பிடித்த போலீஸ்காரர்கள். சாயங்காலம் சன்னாசி வந்து என்னிடம் சொன்னது இதுதான். அந்த மறைப்புக்குள்ள போனப்ப என்னை யாருமே பார்க்கலை வாத்தியாரே, நம்ம லயத்தைச் சுத்தி முள்வேலி கட்டிக் காவல் போட்டதிலேருந்து இதான் முதல் தடவை.

தேர்தல் முடிந்த ஒன்பதாம் நாள் காலையில், மரம் வெட்டப் போகிறவர்களிடம் காட்டுக்காரர்களுக்குக் கடத்த அரிசி இருக்கிறதா என்று வேலிக் கதவில் சோதிக்கும்போது, சன்னாசியைத் தனியே நிறுத்தி ஜீப்பில் ஏற்றினார்கள். கங்காணி சொல்லிவிட்டார். பொய்ப் பிரமாணம். காட்டிலிருக்கிறவர்களுக்காகப் பட்டியலில் நுழைந்த ஆளோ என்று வேறு விசாரிக்கிறார்களாம். சிரம்பானில் வைத்திருக்கிறார்கள். கப்பலேற்றிவிடுவார்கள் என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பஞ்சாலை இரண்டு பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்று கத்தினாள். நாங்களா ஓட்டுக் கேட்டோம், உமக்கும் கங்காணிக்கும் உள்ள சண்டைக்கு என் புருசன்தான் கிடைச்சானா என்று கேட்டாள். கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சொன்னதை நீர் எழுதினீர், அவ்வளவுதான்லா, அவன்மேல் போட்டுவிட்டு வந்து சேரும் என்கிறார் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி. அப்படிச் சொன்னால் என் வேலை இருக்கும், நானும் இங்கே இருப்பேன். நேற்று முழுதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. வேலிக்கு வெளியே ஜீப் சத்தம் கேட்டால் சுவரோரம் போய் நிற்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் இப்படி.

இனி உன்னிடம் கேட்பது. நீ அங்கே பெற்றுக்கொள்ளாதே. அடுத்த கப்பலிலேயே புறப்படு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஏறு, ஆனால் ஏறு. உன் அப்பா வழக்கம் என்பார், வளைகாப்பு என்பார். சன்னாசியின் அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். பழி என்மேல் இருக்கட்டும்.

ஸ்டேஷனில் உள்ளதைச் சொன்ன பிறகு நான் வெளியே இருப்பேனோ என்னவோ, துறைமுகத்தில் என்னைத் தேடாதே. மங்கம்மா அக்கா வந்து நிற்பாள். லோபாக்கில் அவள் வீட்டிலேயே இரு, தோட்டத்துக்கு வர வேண்டாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள். பிறப்புப் பத்திரம் எழுதும்போது, பிறந்த இடம் என்ன எழுதுகிறார்கள் என்று உன் கண்ணால் படித்துப் பார். தகப்பன் பெயர் கேட்பார்கள். அதற்குள் என்னைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும், தலை குனியாமல் என் பெயரைச் சொல்.

கடல் உன்னை அலைக்கழிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளை இந்த மண்ணில் அழுதுகொண்டு விழட்டும்.

உன்,
அமிர்தலிங்கம்