ஏழு நாள் மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு, மும்பையிலிருந்து பவானி. மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்தான்.

சுருளியாண்டி மாமாவின் தேங்காய் லாரியில் முறுக்கு வந்தது. அடியில் தம்பியின் தொண்டைப்புண் மாத்திரை. பத்து நாளுக்குக் கொடுத்ததில் ஏழு நாளுக்கானது அப்படியே இருந்தது.

“அவனுக்கு மூணு நாள்ல சரியாப்போச்சு. மிச்சத்த அக்கா ஒனக்குன்னு எடுத்து வச்சாக” என்றார் மாமா. மாத்திரையை முழுசாகச் சாப்பிடச் சொல்லி வார்டில் நோயாளிகளிடம் தினமும் சண்டை போடுகிற நர்ஸ் நான். பாதியில் விட்டால் இதயம்வரை கெடுக்கும் கிருமி அம்மா அது. கடிதம் கிடைத்த அன்றே அவனை டாக்டரிடம் கூட்டிப் போ.

குழம்பில் எனக்குப் பங்கு வை. மருந்தில் வேண்டாம்.

காலையிலிருந்து எனக்கும் தொண்டை கரகரப்பு. சுக்கு இருந்தால் கொடுத்தனுப்பு. இந்தக் கடிதத்தை வாங்கிப்போக மாமா ஹாரன் அடிக்கிறார். அந்த மாத்திரையை விழுங்க மாட்டேன். ஆனால் நீ எனக்கென்று வைத்தது, குப்பையில் போடக் கை வரவில்லை.