நான் சொன்ன பிளக்

இன்று காலை கார்ப்பார்க்கில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முனை முழுக்கக் கரி. எரியாத பெட்ரோல் வாடை அடித்தது. பஸ் டிப்போவில் வேலை செய்கிற நான் பார்த்துச் சொல்வேன் என்று நினைத்து நீட்டினார். டீசல் பஸ்ஸில் பிளக்கே கிடையாது, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டேன். கதவு மூடிய பிறகும் வாடை போகவில்லை. உன் காரின் வாடை அது.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. எல்லாரும் உன்னை நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். உன் இறுதிச் சடங்குக்கு வந்தபோது நானும் அப்படித்தான் வந்தேன். திரும்பிப் போகும்போதுதான் வேறு ஆளாகப் போனேன்.

பாலிடெக்னிக்கில் எங்கள் எஞ்சின் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என்னோடு ஜோடி சேர்ந்து வேலை செய்ய முதலில் எழுந்து வந்தவன் நீ. படிப்பு முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ரஹீம் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், உன் மாமாவிடமிருந்து வந்த பழைய ஜப்பான் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்போம். பிறகு தேக்காவில் பிரியாணி. "நான் ஓட்டுறேன், நீ யோசி. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு மெக்கானிக்" என்பாய். அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

காருக்கு டர்போ போட்ட பிறகு பிளக் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டாய். டர்போ கூடுதல் காற்றைத் திணிப்பதால் எஞ்சினுக்குள் சூடு ஏறும். பழைய பிளக் அந்தச் சூட்டை வேகமாக வெளியே கடத்தாது. முனை பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் சீக்கிரம் ஆறக்கூடிய பிளக்காகப் பார்த்து வாங்கி, காற்றழுத்தத்தில் பொறி அணையாமல் இருக்க முனை இடைவெளியையும் குறைத்தேன். பிளக்குக்கு ஒயர் வாங்கப் போனபோது நீ சிவப்பு நிறத்தைப் பார்த்தாய். நான் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் பார்த்தேன். கடைசியில் கறுப்பு ஒயருக்கு ஒத்துக்கொண்டாய். ஒன்று மட்டும் எச்சரித்தேன்: நெரிசலில் மெதுவாக ஓட்டினால் இந்தப் பிளக் கரி பிடித்துத் திணறும், அவ்வப்போது எக்ஸ்பிரஸ்வேயில் விரட்டி ஓட்டிவிட வேண்டும். சரி என்றாய்.

எல்லை தாண்டி ஜொகூரில் இருக்கும் கார்ப் பந்தயத் திடலில் ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்கள், கார் தாங்கினால் இரண்டு பேரையும் ஒர்க்‌ஷாப்பில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று ரஹீம் அண்ணன் சொல்லியிருந்தார். அன்று காலை சாவியை என்னிடம் நீட்டினாய். "நீ தேர்ந்தெடுத்த பிளக். நீயே முதல்ல ஓட்டுலா."

நீண்ட நேர்ப் பாதையில் மிதித்தபோது முதலில் சின்னதாகத் தட்டும் சத்தம் கேட்டது. காலை எடுப்பதற்குள் எஞ்சின் வெடித்தது. கண்ணாடி முழுக்கப் புகை. எப்படியோ காரைப் புல்லில் இறக்கி நிறுத்தினேன். நீதான் முதலில் ஓடி வந்தாய். எனக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டாய். அதை நான் மறக்கவில்லை. பின்னாலேயே வந்த ரஹீம் அண்ணன் என்ன ஆனது என்று கேட்டபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அவ சொன்ன பிளக் ஒத்துக்கலை போல, அண்ணே."

எஞ்சினுக்குள் நடந்ததைப் பிளக்கின் முனை சொல்லிவிடும். அதைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வாரம் உன்னைத் தேடி வந்தேன். உடைந்த சாமான்களோடு தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாய். அதையும் நம்பினேன்.

ரஹீம் அண்ணன் உன்னை மட்டும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் போகட்டும், நானே அவரிடம் பேசுகிறேன் என்றாய். காத்திருந்தேன். பிறகு டிப்போவில் சேர்ந்தேன். பிளக் இல்லாத எஞ்சின் என்பதே அங்கே எனக்குப் பெரிய நிம்மதி. ஒர்க்‌ஷாப்பில் உன் பெயரும் சேர்த்துப் பலகை மாட்டிய நாளில் லட்டு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் நிற்கவில்லை.

உன் இறுதிச் சடங்கன்று பொங்கோலில் உன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உன் மனைவி மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளையும் அவள் பெற்றோரையும் தீபாவளி விளக்குப் பார்க்கக் காரில் அழைத்துப் போனாயாம். சிராங்கூன் ரோட்டு நெரிசலில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டதாம். அவள் அப்பா இறங்கி நடந்தே போய்விட்டாராம்.

"அப்பா மூஞ்சியைப் பாத்துட்டு, மறுநாளே பழைய பிளக்கைத் திரும்பப் போட்டுட்டாருக்கா. அப்புறம் வண்டி வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. அந்த வாரம்தான் நீங்க ரெண்டு பேரும் ஜொகூருக்குப் போனீங்க."

"பழைய பிளக்கையா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. எனக்காக." அழுதுகொண்டே சிரித்தாள். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு அது நீ அவள்மேல் வைத்திருந்த காதலின் கதை. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

பிளக்கை மாற்றியதற்காக எனக்குக் கோபமில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், திடலிலேயே கழற்றி மாற்றியிருக்கலாம். ஆனால் எந்தப் பிளக் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தே சாவியை என் கையில் கொடுத்தாய். அந்த நேரம் மறந்துபோயிருந்தாயா, ஒன்றும் ஆகாது என்று நினைத்தாயா, தெரியவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். புகை அடங்குவதற்குள் பழியை என்மேல் போட்டாயே, அதற்கு மறதி காரணமாக இருக்க முடியாது. பிளக்கைத் தூக்கி எறிந்ததற்கும்.

சில வாரம் கழித்து ரஹீம் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "போனவனைப் பத்தி இப்ப எதுக்கும்மா?" என்றார்.

"இது என்னைப் பத்தி, அண்ணே" என்றேன். அவர் எனக்கு ஒரு தே தாரிக் டீ வரவழைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

டிப்போவில் நான் முறுக்கிய போல்ட்டை நானே திரும்பத் திரும்பச் சோதிப்பேன். பிறகும் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். கவனமான ஆள் என்று பெயர். என்னை நானே நம்பாமல் போன பழக்கம் அது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நீ சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. உண்மை தெரிந்த பிறகும் கை கேட்க மாட்டேன் என்கிறது. நேற்றும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான் தேர்ந்தெடுத்தது சரி என்று இத்தனை வருஷமும் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிந்திருந்தது. வாரா வாரம் எதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த உனக்கு.