அறுபத்தாறு அடிகளுக்கு ஒரு சான்றாளர்

தார்லிங்கா,
தென் ஆஸ்திரேலியா,
26 ஆகஸ்ட் 2014

உலகின் களங்களில் எல்லாம் வென்றவளே, பிறந்த ஊரின் களத்தில் மட்டும் எண்ணிக்கையில் சேராமற்போனவளே, என் அன்பிற்குரிய லொரெல்!

நலம் கேட்பதற்கு முன் முறையீடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆட்டவாழ்வின் வெற்றிப் படிகளை வரிசைப்படுத்தி நம் கோல்ஃப் மன்றத்தார் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள். பொன்னெழுத்தில் தீட்டிச் சுவரில் மாட்டப் போகிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரி தவறு. தவறென்று மன்றத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தும் வண்ணக்காரருக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தார்லிங்கா என்ற பெயரைக் கேட்டதும் நீ குடியிருக்கும் கோல்டு கோஸ்ட்டின் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தின் நடுவே உன்னால் மழையைக் கொண்டுவர முடியாதல்லவா?

மழை பற்றி நானே சொல்லிவிடுகிறேன். இங்கே இவ்வாண்டு போதுமான மழை. கோதுமை இடுப்பளவு நிற்கிறது. மன்றத்தின் செயலாளர் டாம்சினுக்கு இரண்டாவது பெண்குழந்தை பிறந்திருக்கிறது. பட்டியலை எழுதியவள் அவள்தான். கையில் குழந்தையோடு கணினியில் தேடித் தேடி எழுதினாள். அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பிறக்கும் முன்பே நடந்தது இது.

அவள் எழுதியிருப்பது இவ்வளவே. 1979இல் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாய். 1982இல் ஜப்பானில், கொட்டும் மழையில், முதல் கோப்பை. 1986இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் பெருவெற்றி. ஆஸ்திரேலியப் பெண்ணொருத்தி அங்கே கோப்பையைத் தூக்கிய காட்சியை நாங்கள் மன்றத்தின் சிறிய தொலைக்காட்சியில் விடிய விடியப் பார்த்தோம். 1991இல் மணிக்கட்டு முறிந்தது. இனி மட்டை பிடிக்கமாட்டாள் என்று செய்தித்தாள்கள் எழுதின. 1993இல் மெல்போர்னில் அதே கையால் வென்றாய். 2001இல் ஓய்வு. பிறகு பயிற்சிப் பள்ளி, பட்டங்கள், நாட்டின் பாராட்டு.

எல்லாம் உண்மை. ஆனால் தொடக்கம் 1979 அல்ல. 1976, சூன் மாதம், ஒரு சனிக்கிழமை.

மன்றத்தார் அனுப்பிய விழா அழைப்புக்கு நீ எழுதிய மறுமொழியைத் தலைவர் ராஸ் நோஸ்கி எனக்குக் காட்டினார். "வாழ்த்துகள். சனிக்கிழமைகளில் அங்கே எனக்குப் பழக்கமில்லை." இரண்டே வரி. ராஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "என்னங்க நொயலீன் இது, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை வச்சா தோதா இருக்குமா?" என்று என்னிடமே கேட்டார். நான் சிரிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு மாலை முழுதும் பிடித்தது.

பெண்கள் அன்று உறுப்பினர்கள் அல்லர், 'துணை உறுப்பினர்கள்'. சனிக்கிழமை ஆண்களுக்கு. செவ்வாய்க்கிழமை, துணி துவைத்து முடித்த பிறகு, நமக்கு. சனிக்கிழமையில் களத்துக்குள் கால்வைக்க நமக்கு இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, நான் செய்ததுபோல் மன்றத்துச் சமையலறையில் நின்று இறைச்சி அடைத்த பாஸ்டி சுடுவது. மற்றொன்று, நீ செய்ததுபோல் மணல் இழுப்பது. நகரத்து மன்றங்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்; நமக்கோ எண்ணெய் பிசைந்த கருமணல். ஒருவர் பந்து உருட்டி முடித்ததும் அடுத்தவர்க்காக அந்தத் தடத்தை இழுவைக் கட்டையால் சமன்செய்ய வேண்டும். பதினேழு வயதில் நீ ஆண்களுக்காக இழுத்தாய். அவர்கள் உருட்டும்போது மணலில் விழும் கோட்டைப் பார்த்துப் பார்த்தே பந்தின் போக்கைக் கற்றாய். ஸ்காட்லாந்தில் கடைசிக் குழியில், உன் பை சுமப்பவர் நிற்க, மணற்பள்ளத்தை நீயே வாரிச் சமன்செய்தாயே, வருணனையாளர் சிரித்தார். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முந்தைய நாள் நல்ல மழை. ஊரின் உழவர்கள் அனைவரும் விதைப்புக்குப் போய்விட்டார்கள். கம்பளி முகவராகிய என் கணவர் காலின் மட்டும் மட்டைகளோடு வந்து நின்றார். ஆனால் சான்றாளர் இல்லாத ஆட்டம் ஆட்டமே ஆகாது. உடன் ஆடும் ஒருவர் குழிக்குக் குழி அடிகளை எண்ணி, அட்டையில் எழுதி, இறுதியில் கையெழுத்திட வேண்டும். மதுமேடையின் பின்னால் நின்ற மெர்வ், "என்னப் பாக்காத காலின், எனக்கு முட்டி போயிருச்சு. அந்தா நிக்குதே ட்ரெசைஸ் வீட்டுப் பொண்ணு, அதக் கூட்டிட்டுப் போ. சும்மா எண்ணத்தான போவுது" என்றான். காலினோ உன்னிடம், "சும்மா நடந்தா குளிரும்மா. நீயும் ரெண்டு அடி அடிச்சுக்கிட்டே வா. உன் அடிய நான் எழுதுறேன், என் அடிய நீ எழுது" என்றார்.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் மாவுக் கையோடு வாசலில் நின்றேன். காலின் அறுபத்தெட்டு அடியில் முடித்திருந்தார். களத்தின் வரலாற்றில் அதுவரை எவரும் எழுபதுக்குக் கீழே போனதில்லை. மெர்வ் மணியடித்தான். "ஏம்ப்பா, பொம்பளப்புள்ள கூட ஆடுனதால கூச்சத்துல சீக்கிரம் முடிச்சிட்டியா?" என்று கத்தினான். அவன் கைக்கு எட்டியது, இன்னும் கையெழுத்து விழாத உன் அட்டை. அதன் பின்புறத்தில் அன்றிரவுக்கான பீர்க் கணக்கை எழுதிச் செருகினான். முன்புறத்தில் இருந்த எண் அறுபத்தாறு. நான் பார்த்தேன். நீயும் அவன் எழுதுவதைப் பார்த்தாய். இழுவைக் கட்டையை ஒன்பதாம் குழிக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போனவள், அதன்பின் ஒரு சனிக்கிழமையும் வரவில்லை.

'களச் சாதனை, சி. ஜாலிஃப், 68' என்ற காலினின் பொன்வரி இன்றும் பெருமைப் பலகையில் இருக்கிறது. உன் பட்டியலை அதன் அருகிலேயே மாட்டப் போகிறார்கள்.

சனிக்கிழமை உரிமைக்காக நான் எத்தனை ஆண்டுக்கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசினேன் என்பதை நீ அறிவாய். 1987இல் வென்றோம். ஆனால் அந்தப் பொன்வரியை என் பேச்சால் அசைக்க முடியவில்லை. ஏனெனில் நான் சான்றாளர் அல்லேன். அடுப்படியிலிருந்து பார்த்தவளின் சொல் அட்டையில் ஏறாது. மெர்வ் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயிற்று. உன் அடிகளுக்குச் சான்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரோடுதான் நான் குடித்தனம் செய்கிறேன்.

சென்ற மாதக் கூட்டத்தில், எவரும் எதிர்பாராமல், காலின் எழுந்தார். "பலகையில என் பேரு இருக்கு. ஆனா அன்னிக்கு ஜெயிச்சது நான் இல்ல, லொரெல். அறுபத்தாறு. நான்தான் எண்ணுனேன்" என்றார். ராஸ் மெல்ல, "கோவிச்சுக்காதீங்க காலின். அட்டை எங்க? கையெழுத்தில்லாத அட்டை செல்லாதுன்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நீங்கதான" என்றார். "புது அட்டை கொண்டா. ஒவ்வொரு குழியாச் சொல்றேன், போட்டுத் தர்றேன்" என்றார் இவர். "ஆடுனவங்களும் போடணுமே" என்றார் ராஸ். ஆட்டவிதி அது. சான்றாளரும் ஆடியவரும், இருவரும் கையெழுத்திட வேண்டும். இறுதியில் ஒரு முடிவு எட்டினார்கள். பருவத்தின் கடைசி ஆட்டநாளான செப்டம்பர் ஆறாம் நாள், சனிக்கிழமை, மன்றத்தார் முன்னிலையில் இருவரும் கையெழுத்திட்டால், உன் பட்டியல் 1976இல் தொடங்கும்; அவர் பெயர் பலகையிலிருந்து இறங்கும். இல்லையேல் திங்கட்கிழமை வண்ணக்காரர் இருப்பதை எழுதிவிட்டுப் போவார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இத்தனை ஆண்டுகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று. காலணியைக் கழற்றிக்கொண்டே, "யாரும் கேக்கலியே, நொயலி" என்றார். அன்றிரவு நான் அவரோடு பேசவில்லை. உன் சார்பிலும் சேர்த்துத்தான் பேசாமலிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் மாலைதோறும் சமையலறை மேசையில் உப்புக்குடுவையையும் மிளகுக்குடுவையையும் நகர்த்தி உன் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். ஒன்பது குழிகள், இருமுறை சுற்று. முதற்குழியில் காற்றுக்கு எதிராக நீ தாழ அடித்தது. ஆறாவதில் வேலிக்கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து. ஏழாவதில் அவருடைய தடத்தை நீ இழுத்துச் சமன்செய்துவிட்டு, உன் தடத்தை இழுக்க ஆளில்லாமல் கரட்டு மணலிலேயே உருட்டிக் குழியில் போட்டது. அவ்வளவும் நேற்று நடந்ததுபோல் சொன்னார். கார்ச்சாவியை எங்கே வைத்தார் என்பதைச் சொல்ல முடியாதவர், இதைச் சொன்னார்.

அடிலெய்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அது பற்றி எழுதப் போவதில்லை. வண்டியை இப்போது நான் ஓட்டுகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடந்த ஞாயிறு மாலை, வழக்கம்போல் குடுவைகளை நகர்த்தினார். முடித்துக் கூட்டினார். அறுபத்திரண்டு வந்தது. "இருக்காதே" என்று மறுபடி கூட்டினார். "நாலு அடி எங்க போச்சு, நொயலி?" இரண்டாம் சுற்றின் மூன்றாம் குழியிலிருந்து நேரே ஐந்தாவதுக்குப் போயிருந்தார். நான்காம் குழி, உப்பேரியின் ஓரத்தில் இருக்கிறதே, அது அவரிடம் இல்லை. விடுபட்டது நான்கு அடி என்றால் நான்கு என்றே எழுதிக்கொள்ளலாமே என்றேன். மேசையை ஓங்கி அறைந்தார். குடுவை உருண்டது. "பாக்காத அடிக்குக் கையெழுத்துப் போட்டா அது கள்ளக் கையெழுத்துடி! ஞாபகம் வராம நான் போடமாட்டேன்!"

நேற்றும் முயன்றார். வரவில்லை. இன்று எட்டாவதும் தடுமாறுகிறது.

லொரெல், அந்த நான்காம் குழியில் நடந்ததை அறிந்தவர்கள் இவ்வுலகில் இருவர். ஒருவரிடமிருந்து அது போய்விட்டது. மற்றவள் நீ.

காலினை மன்னிக்கும்படி உன்னைக் கேட்கவில்லை. அது உன் உரிமை. அதற்காகக் கைநீட்டும் தகுதி இந்த வீட்டுக்கு இல்லை. மாலையும் மேடையும் வேண்டாமென்றால் அவற்றை நானே தடுக்கிறேன். ராஸிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு முதல் ஆட்டம் உன்னுடையது. காலை எட்டு மணிக்கு, ஆண்கள் எவரும் மட்டை எடுக்கும் முன், நீயும் காலினும் மட்டும் களமிறங்கலாம். மட்டை உனக்கு. இழுவைக் கட்டை அவருக்கு. அவரே அப்படிக் கேட்டார். "அவ அடிக்கட்டும். இந்தத் தடவ நான் இழுக்குறேன்" என்றார். கொட்டகையிலிருந்த பழைய கட்டைக்குப் புதிய கைப்பிடி பொருத்தி, தேய்த்து, வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு காலையும் அது அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்த்து வருகிறார்.

உப்பேரி ஓரத்தில், அன்று நீ நின்ற அதே இடத்தில் நின்று, அன்று அடித்ததுபோல் அடி. அந்தப் பந்து போகும் வழியைக் கண்டால் அவருக்கு நினைவு வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் அவர் கையெழுத்திடமாட்டார். அவரை நான் அறிவேன். அப்போது பலகை பொய்யாகவே இருக்கட்டும். ஆனால் முயன்று பார்க்காமல் அது பொய்யாக இருக்க நான் ஒப்பமாட்டேன்.

ஆகவே கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும், தேநீர் போடுவதற்கு முன், பயணச்சீட்டுக்குச் சொல். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை மாலை போர்ட் லிங்கன் விமானநிலையத்தில் வண்டியோடு நிற்பேன். அடுத்த பருவம் என்று எழுதாதே; அதற்கு அடுத்த வாரம் என்றும் எழுதாதே. சனிக்கிழமை வா. நான்காம் குழியை அவருக்குக் காட்டு.

உன் கைகள் நலமாயிருக்கட்டும்.

என்றும் உன்
நொயலீன் ஜாலிஃப்